"வெள்ளை" என்று எழுதப்பட்ட சிறுநீர்: கர்ப்பப்பை அறுவைக்குப் பின் வந்த ஒரு ஃபிஸ்டுலா

அந்த அம்மா எங்கள் புறநோயாளிப் பிரிவில் உட்காருவதற்கு முன், கட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை எடுத்து நாற்காலியில் விரித்தார். அதற்கு மேல் ஒரு பழைய சேலைத் துண்டு. இரண்டையும் கையால் நீவிவிட்டு, அப்புறம்தான் உட்கார்ந்தார். அதைச் செய்த வேகத்தைப் பார்த்தால், பல மாதங்களாகப் போகிற இடமெல்லாம் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார் என்று புரிந்தது. அவர் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. மீதிப் பாதி அறையில் இருந்த வாடையில் தெரிந்தது.

"என்னம்மா செய்யுது?" என்று கேட்டேன்.

"வெள்ளை படுது டாக்டரம்மா."

இந்த ஒரு சொல்தான் அவரை ஐந்து மாதம் அலைய வைத்தது. அதனால்தான் இந்த நிகழ்வை விரிவாக எழுதுகிறேன். அவருக்கு வந்திருந்தது ஃபிஸ்டுலா, அதாவது சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் நடுவில் விழுந்த துளை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்கள் நடந்தபடியே இருக்கின்றன.

வரலாறு

வயது 42. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். மூன்று வருடமாக மாதவிடாயில் அளவு மீறிய இரத்தப்போக்கு, கர்ப்பப்பையில் 12 வாரக் கர்ப்பம் அளவுக்கு ஃபைப்ராய்டு கட்டி. ஒரு தனியார் மருத்துவமனையில் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். மூன்றாம் நாள் யூரின் டியூபை எடுத்தார்கள், ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பதினோராம் நாள் விடியற்காலையில் எழுந்தபோது பாய் நனைந்திருந்தது. தூக்கத்தில் போய்விட்டதாக நினைத்தார். பாயை அலசிப் போட்டுவிட்டு நடந்தால், நடக்க நடக்கத் தொடையில் வடிந்தது. அன்றிலிருந்து ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.

அறுவை செய்த இடத்துக்கே போனார். கணவர் பக்கத்தில், நர்ஸ் எதிரில், கதவு திறந்தபடி. அந்த இடத்தில் "ஒண்ணுக்கு தானா ஒழுகுது" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "வெள்ளை மாதிரி தண்ணியா போகுது" என்றார். சீட்டில் வெள்ளைப்படுதல் என்று எழுதினார்கள். உள்ளே தையல் கரைந்து வருகிறது, போகப் போக நின்றுவிடும் என்று சொல்லி, பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரை ஆறு நாளைக்குக் கொடுத்தார்கள். உள்ளே பார்த்துச் சோதிக்கவில்லை.

அடுத்த நான்கு மாதத்தில் மேலும் மூன்று இடங்கள். அவர் கொண்டுவந்த பாலித்தீன் கவரில் நான்கு சீட்டுகளும் இருந்தன. வரிசையாக மேஜையில் அடுக்கிப் பார்த்தேன். முதல் சீட்டில் எழுதிய சொல்லைத்தான் இரண்டாம் மருத்துவர் எழுதியிருக்கிறார், மூன்றாமவரும் அதையே. நான்காவது இடத்தில் மட்டும் சிறுநீர் என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் இருமினால் கசியும் வகை என்று முடிவு கட்டி, இடுப்படித் தசைப் பயிற்சியும், சிறுநீர்ப்பையின் வேகத்தைக் குறைக்கும் டோல்டெரோடின் மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஸ்கேன் எடுத்து, அது நார்மல் என்று வந்திருக்கிறது. இந்த மாதிரித் துளை சாதாரண வயிற்று ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. "ஸ்கேன்ல ஒண்ணுமில்லையே" என்று வீட்டில் பேச்சு வந்ததாம். அப்புறம் அது அவருடைய மனப்பிரமை என்கிற அளவுக்குப் போயிருக்கிறது.

இருமினால் மட்டும் கசிவதற்கும் இரவும் பகலும் நிற்காமல் வடிவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே கேள்வியில் பிரித்துவிடலாம்: "படுத்திருக்கும்போதும் வருதா?" படுத்தாலும், தூங்கினாலும், தண்ணீரே குடிக்காவிட்டாலும் வருகிறது என்றால் சிறுநீர் எங்கேயோ வேறு வழி கண்டுபிடித்துவிட்டது என்று பொருள். நான் கேட்ட அடுத்த கேள்வி, "இதைத் தவிர தனியா ஒண்ணுக்குப் போறீங்களா?" விடிந்ததும் கொஞ்சம், அதோடு சரி என்றார். சிறுநீர்ப்பை நிரம்பவே இல்லை. வழக்கம்போல வயிறு முட்டப் போகிறது, கூடவே வடியவும் செய்கிறது என்று சொல்லியிருந்தால் என் சந்தேகம் பையை விட்டு யூரிட்டர் பக்கம் திரும்பியிருக்கும். சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாய் அது. அதில் ஒன்று அறுபட்டாலும் மற்றொன்று பையை நிரப்பிக்கொண்டே இருக்கும்.

அவர் செய்த ஒரு காரியம் நிலைமையை மோசமாக்கியிருந்தது. வடிவதைக் குறைக்க வேண்டும் என்று தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். நாளைக்கு இரண்டு டம்ளர்தான். இப்படி வருகிற எல்லாருமே இதைத்தான் செய்கிறார்கள். அதற்காகக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வந்ததில்லை. ஆனால் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிறது, வாடை கூடுகிறது, தோலை இன்னும் வேகமாக அரிக்கிறது.

வேலைக்குப் போவதை அறுவைக்கு இரண்டு மாதத்துக்குப் பின் நிறுத்தியிருந்தார். யாரும் நிற்கச் சொல்லவில்லை. "பிள்ளைங்க சாப்பிடுற சோறு டாக்டரம்மா, அடுப்படியில நிக்க மனசு வரல" என்றார். இரவில் வராந்தாவில் சாக்கு விரித்துத் தனியாகப் படுக்கிறார். பேருந்தில் இடம் இருந்தாலும் உட்காருவதில்லை.

பரிசோதனை

கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுத்தான் பார்த்தேன். தொடையின் உட்பக்கமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் தோல் சிவந்து வெந்திருந்தது. ஓரங்களில் சுண்ணாம்பு படிந்ததுபோல் வெள்ளைத் துகள்கள், சிறுநீர் உப்புப் படிந்தவை. கருவியை வைத்துப் பார்த்தபோது உள்ளே தெளிந்த நீர் தேங்கியிருந்தது. துடைத்தேன், மறுபடி ஊறியது. கர்ப்பப்பை வாய் இருந்த இடத்தைத் தைத்து மூடிய மேல் முனையில் ஒரு சிவந்த சுருக்கம். துளை கண்ணுக்குத் தெரியவில்லை.

இங்கேதான் மூன்று பஞ்சுச் சோதனை. செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. எந்தத் தாலுகா மருத்துவமனையிலும் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். உப்பு நீரில் கொஞ்சம் மெத்திலீன் ப்ளூ கலந்து, மெல்லிய டியூப் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் 200 மில்லி ஏற்றினோம். அதற்கு முன் பிறப்புவழியில் மேலே, நடுவில், கீழே என்று மூன்று காஸ் துணிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்திருந்தோம். டியூபை எடுத்துவிட்டு, அவரை எழுந்து வார்டு நடைக்கூடத்தில் நடக்கச் சொன்னோம். பத்து நிமிடம் கழித்து ஒவ்வொன்றாக எடுத்தோம். கீழ்த்துணி காய்ந்திருந்தது. நடுத்துணியில் ஓரத்தில் மட்டும் ஈரம். மேல்துணி எடுக்கும்போதே ஊதா நீலமாக வந்தது.

அதை ஸ்டீல் தட்டில் வைத்து அவரிடம் காட்டினேன். "இது வெள்ளை இல்லம்மா. உங்க நீர்ப்பையில நாங்க விட்ட கலர். பைக்கும் பிறப்புவழிக்கும் நடுவுல ஓட்டை விழுந்திருக்கு. உங்க மேல தப்பு ஒண்ணுமில்ல. தச்சு மூட முடியும்." கொஞ்ச நேரம் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எனக்குப் பைத்தியம் இல்லை" என்றார். அப்புறம்தான் அழுதார்.

மேல்துணி நீலமானால் பையில் துளை. மேல்துணி நனைந்திருந்தும் நீலமாகாவிட்டால் அந்த ஈரம் யூரிட்டரிலிருந்து வருகிறது. கீழ்த்துணி மட்டும் நீலமானால் வெளியேறும் குழாயில் கோளாறு. ஆனால் மேல்துணி நீலமாகிவிட்டது என்பதாலேயே யூரிட்டர் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்தில் ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். பையை மட்டும் தைத்துவிட்டு யூரிட்டரைக் கோட்டைவிட்டால், அறுவை முடிந்த மறுநாளே மறுபடியும் நனையும்.

அதனால் சி.டி. யூரோகிராம், அதாவது சிறுநீர்ப் பாதையைச் சாயம் ஏற்றிப் பார்க்கும் ஸ்கேன், எடுத்தோம். இரண்டு சிறுநீரகங்களும் வீங்கவில்லை, இரண்டு யூரிட்டர்களும் முழுதாக இறங்கின. சிறுநீர்ப்பைக்குள் மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பியில் துளையை நேரில் பார்த்தோம். பையின் பின்சுவரில், யூரிட்டர்கள் திறக்கும் முக்கோணப் பகுதிக்கு மேலே, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலம். இடது யூரிட்டர் வாயிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருந்தது, அதுவரை நல்லது. விளிம்பில் நூல் துண்டு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. கல்லும் இல்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 0.8, இயல்பு. ஹீமோகுளோபின் 8.9, குறைவு. சிறுநீரில் ஈ.கோலை கிருமி. சர்க்கரை இல்லை.

ஏன் பதினோராம் நாள்

கணவரை உள்ளே கூப்பிட்டு ஃபிஸ்டுலா என்றதும், "மலவாய் பக்கமா மேடம்? பவுத்திரமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. நம் ஊரில் அந்தச் சொல் ஆசனவாய்ப் பவுத்திரத்தோடுதான் புழங்குகிறது. படம் வரைந்து காட்டினேன். அடுத்த கேள்வியைச் சரியாகக் கேட்டார்: "ஆபரேஷன்ல கிழிச்சிருந்தா அன்னைக்கே ஒழுகியிருக்கணுமே?"

கிழிந்திருந்தால் அப்படித்தான், டியூபை எடுத்த உடனே தெரிந்திருக்கும். இங்கே நடந்தது வேறாக இருக்க வேண்டும். இரண்டு சிசேரியன் ஆனவருக்குப் பை கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியோடு தழும்பாக ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரித்துக் கீழே தள்ளிவிட்டுத்தான் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும். ஒட்டிய இடத்தில் பையின் சுவரில் ஒரு தையல் ஊசி ஏறியிருக்கலாம், அல்லது இரத்தத்தை நிறுத்த வைத்த சூடு சுவரைத் தொட்டிருக்கலாம். அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் நின்றுபோகும். சதை உடனே விழாது. மெல்லச் செத்து, ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் உதிரும். உதிர்ந்த அன்று துளை திறக்கும். கர்ப்பப்பை எடுத்தபின் வரும் ஃபிஸ்டுலா பெரும்பாலும் ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் நடுவில் தலைகாட்டுவதற்கு இதுதான் காரணம். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு வருகிறது. அதனால்தான் கண்ணில் படாமல் போகிறது.

அறுவை செய்த மருத்துவர்மேல் இதற்காக நான் கோபப்பட மாட்டேன். ஏறக்குறைய ஆயிரம் கர்ப்பப்பை அறுவைகளில் ஒன்றில் இது நடக்கத்தான் செய்கிறது, நல்ல கைகளிலும் நடக்கிறது. 2015-16 தேசிய குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள். ஆயிரத்தில் ஒன்று என்பது அந்தக் கணக்கில் சிறிய எண் இல்லை. என் கோபமெல்லாம் பதினோராம் நாளுக்குப் பின் நடந்ததன்மேல்தான். முதல் வாரத்திலேயே அந்தப் பஞ்சை வைத்துப் பார்த்து, யூரின் டியூபை மட்டும் போட்டு மூன்று நான்கு வாரம் பையைக் காலியாகவே வைத்திருந்தால், சிறிய துளைகளில் சில தாமாகவே மூடிக்கொள்ளும். இவருடையது மூடியிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அந்த வாய்ப்பையே அவருக்குக் கொடுக்கவில்லை. ஐந்து மாதத்தில் துளையின் ஓரம் தோல் கட்டிப் பாதையாகிவிட்டது. இனி டியூப் வேலை செய்யாது.

சிகிச்சை

உடனே கத்தியை எடுக்கவில்லை. வெந்த சதையில் போட்ட தையல் நிற்காது. மூன்று வாரம் தயார் செய்தோம். கிருமிக்கு மருந்து, இரும்புச்சத்து ஊசி, தோலுக்குத் துத்தநாகக் களிம்பு, நாளைக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர். கடைசியில் சொன்னதை அவர் நம்பவே இல்லை. ஐந்தாம் நாள் வாடை குறைந்ததும் தாமாகவே சொம்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

வயிற்றைத் திறப்பதா, பிறப்புவழியாகவே தைப்பதா என்று சிறுநீரகவியல் மருத்துவரோடு பேசினோம். துளை மேலே இருந்தாலும் மேல் முனை கீழே இழுத்தால் இறங்கி வந்தது. யூரிட்டரைத் தொட வேண்டியதில்லை. ஏற்கெனவே மூன்று முறை திறந்த வயிறு அது. பிறப்புவழி என்று முடிவு செய்தோம்.

முதுகுத்தண்டு மயக்கம். துளைக்குள் மிக மெல்லிய ஃபோலி டியூப் ஒன்றை நுழைத்து, அதன் பலூனை ஊதி, மெதுவாக இழுத்தோம். ஆழத்தில் இருந்த துளை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. சுற்றியுள்ள பிறப்புவழித் தோலைச் சிறகுபோல் பிரித்தோம். பையின் துளையை 3-0 விக்ரில் என்ற தானே கரையும் நூலால், இழுப்பு இல்லாமல் மூடினோம். அதற்கு மேல் சுற்றியிருந்த சவ்வை அடுத்த அடுக்காக, முதல் தையலுக்குக் குறுக்கே. மேலிருந்து வயிற்று உள்ளுறைச் சவ்வை இறக்கி மூன்றாவது அடுக்காக வைத்தோம். கடைசியில் பிறப்புவழித் தோல். எந்தத் தையலும் இன்னொரு தையலுக்கு நேர்மேலே உட்காரக் கூடாது. தையல் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஒன்று விட்ட இடத்தில் மற்றதும் விடும். முடித்ததும் மறுபடியும் 200 மில்லி நீல நீரை ஏற்றிப் பார்த்தோம். காஸ் வெள்ளையாகவே இருந்தது.

அதற்கப்புறம் நடப்பதுதான் பாதி அறுவை என்று நான் சொல்வேன். தையல் ஆறும்வரை பை நிரம்பவே கூடாது. டியூப் அடைத்துக்கொண்டால் பை உப்பும், தையல் பிரியும். மணிக்கு ஒரு முறை எவ்வளவு வடிந்தது என்று எழுதச் சொல்லியிருந்தோம். இரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு எழுதிய கணக்கில் 10 மில்லி என்று வந்தது. அதற்கு முந்தைய மணியில் 90. டியூட்டி நர்ஸ் அந்த எண்ணைப் பார்த்ததும் போர்வையை விலக்கிப் பார்த்திருக்கிறார். அந்த அம்மா திரும்பிப் படுத்ததில் டியூப் தொடைக்கு அடியில் மடிந்து கிடந்தது. நிமிர்த்தியதும் கடகடவென்று இறங்கியதாம். காலை ரவுண்ட்ஸில் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அன்று அந்தப் போர்வையை விலக்காமல் இருந்திருந்தால் இந்த நிகழ்வின் முடிவே வேறாக இருந்திருக்கும். இந்த வகை அறுவைகளில் முதல் முயற்சியிலேயே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள். அந்தக் கணக்கில் இந்த மாதிரி நர்ஸ்களின் பங்கு பெரியது.

பை சுருங்கி வலித்ததற்கு மாத்திரை கொடுத்தோம். 21ஆம் நாள் சாயம் ஏற்றிப் படம் எடுத்தோம், கசிவில்லை. டியூபை எடுத்தோம். ஒன்றரை மணி நேரத்தில் 180 மில்லி போனார். துணி காய்ந்திருந்தது.

இதற்கு முன் இந்த வலியைச் சுமந்தவர்கள்

இந்தத் துளையைத் தைக்கக் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லாமல் போக என் மனம் ஒப்பவில்லை. 1845 முதல் 1849 வரை அமெரிக்காவின் அலபாமா மாநிலம் மான்ட்கோமரியில் ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்களின்மேல் இந்த அறுவையைச் செய்து பழகினார். மயக்க மருந்து கொடுக்கவில்லை. சம்மதிக்கவும் மறுக்கவும் அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. மூன்று பேரின் பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன: அனார்கா, லூசி, பெட்ஸி. அனார்காவுக்கு ஏறக்குறைய முப்பது முறை. வெள்ளிக் கம்பியால் தைத்தபோதுதான் தையல் நின்றது. 1852இல் சிம்ஸ் அதைக் கட்டுரையாக வெளியிட்டுப் புகழ் பெற்றார். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற அவருடைய சிலையை 2018இல் அகற்றினார்கள். பயிற்சி மருத்துவர்களுக்கு இந்த அறுவையைச் சொல்லிக்கொடுக்கும்போது அந்த மூன்று பெயர்களையும் நான் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன்.

அவர்களுக்கு வந்தது பிரசவத்தால். குழந்தையின் தலை இடுப்பெலும்பில் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டால், நடுவில் நசுங்கும் பை செத்து உதிரும். 1959இல் ஆஸ்திரேலியாவிலிருந்து எத்தியோப்பியாவுக்குப் போன கேத்தரின், ரெஜினால்ட் ஹாம்லின் என்ற மருத்துவத் தம்பதி, இப்படி வந்த பெண்களுக்காகவே 1974இல் அடிஸ் அபாபாவில் தனி மருத்துவமனை கட்டினார்கள். அவர்களிடம் நோயாளியாக வந்த மாமிட்டு காஷே என்ற பெண், அங்கேயே தங்கி, அறுவையில் கூடமாட உதவி, பார்த்துப் பார்த்தே கற்று, தானே இந்த அறுவையைச் செய்பவராக ஆனார். நோயாளிகளின் கூச்சத்தை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. அதனால் பிரசவ ஃபிஸ்டுலாவை இப்போது எப்போதாவதுதான் பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் அநேகமாக எல்லாரும் கர்ப்பப்பை எடுத்தவர்கள். ஆகவே வயிற்றை மூடுவதற்கு முன் பையில் நீல நீரை ஏற்றி ஒரு முறை பார்ப்பதை, முக்கியமாக சிசேரியன் ஆனவர்களுக்கு, வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்று உடன் வேலை செய்பவர்களிடம் விடாமல் சொல்கிறேன். கிழிசல் அங்கேயே தெரிந்தால் அங்கேயே இரண்டு அடுக்காகத் தைத்து, டியூபைப் பத்து, பதினான்கு நாள் வைத்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். சூடு பட்ட இடம் அந்தச் சோதனையில் தெரியாது. அதற்கு மருந்து, நோயாளி திரும்பி வந்து "நனையுது" என்று சொல்லும் நாளில் நாம் கதவைச் சாத்திவிட்டுக் கேட்பதுதான். வெள்ளையா, ஒண்ணுக்கா, படுத்தாலும் வருதா என்று நாமே அந்தச் சொற்களை முதலில் சொல்லிவிட வேண்டும். நாம் சொன்னால் அவர்களும் சொல்வார்கள்.

முதலில் அறுவை செய்த மருத்துவருக்குக் கண்டதை எல்லாம் எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் போன் செய்தார். தற்காப்பாக ஒன்றும் பேசவில்லை. துளை எந்த இடத்தில் இருந்தது என்று விவரமாகக் கேட்டார், மூன்று பஞ்சுச் சோதனைக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டார். சொன்னேன்.

பின்தொடர்தல்

மூன்று மாதம் தாம்பத்திய உறவும் பாரம் தூக்குவதும் வேண்டாம் என்று இருவரையும் உட்காரவைத்துச் சொல்லி அனுப்பினோம். ஆறு வாரத்தில் தோல் முழுதும் ஆறிவிட்டது. நான்காம் மாதம் வேலைக்குத் திரும்பினார். பெரிய அண்டாவை மட்டும் இன்னொருவர் இறக்கிவைக்கிறாராம்.

ஆறாம் மாதம் வந்த அன்று புறநோயாளிப் பிரிவில் கூட்டம். கதவு திறந்திருந்தது, வாசலில் நாலைந்து பேர், கணவர் பக்கத்தில். எழுந்து கதவைச் சாத்தப் போனேன். அதற்குள் அவர் உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "ஒண்ணுக்கு நல்லா போகுது டாக்டரம்மா. ராத்திரி ஒரு தடவைதான் எந்திரிக்கேன்."

சீட்டில் அதை அப்படியே எழுதினேன். ஒரு தடவைக்கு 350 மில்லி, கசிவு இல்லை, ஹீமோகுளோபின் 11.6.